உள்ளி வேரும் கறுப்பு மையும்: வேர்ப்பூஞ்சை முதலில் ஒட்டும் இடத்தைத் தேடி

வேருக்குள் குடியிருந்து, மண்ணிலிருந்து பாஸ்பேட் எடுத்துக் கொடுத்து, பதிலுக்குச் செடியிடம் சர்க்கரை வாங்கிக்கொள்வது வேர்ப்பூஞ்சை. அதன் பெயரைச் சொன்னதும் புத்தகத்தில் வரும் படம் எப்போதும் ஒன்றுதான். வேரின் புறணிச் செல்லுக்குள் குட்டி மரம்போலக் கிளைவிட்டு முழுசாக வளர்ந்து நிற்கும் பூஞ்சையின் உறுப்பு, ஆர்பஸ்கியூல். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதையே வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்து எனக்கே சலித்துவிட்டது. அதற்கு முந்தைய கட்டம் எப்படி இருக்கும்? மண்ணில் அலைந்துகொண்டிருந்த இழை வேரின் புறத்தோலில் வந்து ஒட்டுகிறதே, அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தொடங்கிய வேலை இது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு வீட்டுப் பின்கட்டு, பள்ளிக்கூடத்துப் பழைய மைக்ராஸ்கோப், மாமா விளையிலிருந்து (மேட்டுநிலத் தோட்டம்) ஒரு சாக்கு மண். வேறு வசதி எதுவும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மாமா விளையில் மட்டி வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) நிற்கும். போன நடவில் கடைக்காரர் சொன்னார் என்று ‘வேம்’ (VAM) என்ற வேர்ப்பூஞ்சைப் பாக்கெட் வாங்கி, மரச்சீனிக் கம்பு நடும்போது சில வரிசைகளில் மூட்டில் போட்டிருந்தார். “மருமவனே, நீ பூச்சி கண்ணாடி வச்சிருக்கியே, இது வேருல பிடிச்சுதா இல்லியான்னு பாத்துச் சொல்லு” என்றார். நியாயமான கேள்வி. செடியை வெளியே பார்த்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. இந்தப் பூஞ்சை குடைக்காளானாக மண்ணுக்கு மேலே வராது. வேரிலும் கண்ணுக்குத் தெரிகிற முடிச்சு ஒன்றும் போடாது. வேரைப் பிடுங்கி, வெளுத்து, சாயமேற்றி, லென்ஸுக்கு அடியில் வைத்தால்தான் உண்டு.

மரச்சீனி வேரில் நேரே இறங்கவில்லை. அதன் பொடிவேரிலேயே நிறம் கூடுதல், வெளுக்க நேரம் பிடிக்கும். பழகுவதற்கு உள்ளிதான் (சின்ன வெங்காயம்) லாயக்கு. உள்ளி வேர் வெள்ளை, கிளை குறைவு, வேர்த்தூவியும் குறைவு. தூவி குறைந்த வேருக்குப் பூஞ்சையின் தயவு அதிகம் வேண்டும். ஆகவே விரைவில் சேர்ந்துகொள்ளும். சந்தையில் காய்கறிக்கு வாங்குகிற சின்ன உள்ளியே போதும்.

விளையில் பிடுங்கிய வேரில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதில் எல்லாக் கட்டமும் ஒன்றாகக் கிடக்கும். ஒரு மில்லிமீட்டரில் இழை இப்போதுதான் நுழைந்திருக்கும், அடுத்த மில்லிமீட்டரில் ஆர்பஸ்கியூல் வயதாகிச் சுருங்கியிருக்கும். எது முதல், எது பின் என்று சொல்ல வழியில்லை. முதல் தொடுகையைப் பார்க்க வேண்டுமானால், வேரும் பூஞ்சையும் எப்போது சந்திக்கின்றன என்பது நம் கையில் இருக்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடங்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பூஞ்சை ஏறிய பழைய செடி, மறுபக்கம் புதுச் செடி, நடுவில் வலை. வலைக்கண் 30 முதல் 50 மைக்ரான் இருந்தால் வேர் நுழையாது, பூஞ்சை இழை நுழைந்துவிடும். இழையின் தடிமன் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான்தான்.

அந்த அளவில் நைலான் வலையை விஞ்ஞான சாமான் விற்கும் கடையில் விசாரித்தால் விலை தலைசுற்றும். கல்யாணக் கார்டு அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் அதே சாமான் கிடக்கிறது. சட்டத்தில் இழுத்துக் கட்டும் பாலியெஸ்டர் துணி, சென்டிமீட்டருக்கு 120 இழை உள்ளது என்று கேட்டு வாங்க வேண்டும். அதன் கண் ஏறத்தாழ 45 முதல் 50 மைக்ரான். நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் வெட்டி மிஞ்சிய துண்டைச் சும்மாவே தந்தார்கள். மையும் பசையும் பட்ட துண்டு வேண்டாம்; கண் அடைந்திருக்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

டப்பா, செவ்வக ஐஸ்கிரீம் டப்பா. பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை டப்பாவின் உள்ளளவுக்கு வெட்டி, அதன் நடுவில் பெரிய ஜன்னலாக அறுத்து, ஜன்னல்மேல் வலையைச் சிலிகான் பசையால் ஒட்டினேன். அட்டையை டப்பாவின் நடுவே நிறுத்தி, சுற்றிலும் அடியிலும் அதே பசை. தையல் போடக்கூடாது, ஊசித்துளை வழியே வேர் புகுந்துவிடும். பசை காய்ந்தபின், ஒரு பக்கம் மட்டும் உலர்ந்த மணலை நிரப்பி டப்பாவைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். மறுபக்கம் மணல் வந்தால் மூலையில் சந்து இருக்கிறது என்று பொருள். கீழ் மூலைகள்தான் எப்போதும் ஏமாற்றும் இடம். தண்ணீர் வடிய இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சின்னத் துளைகள்.

மண் கலவையில்தான் பாதி வேலை. ஆற்றுமணலைத் தண்ணீர் தெளியும்வரை அலசி, இட்லிப் பானையில் ஒரு மணிநேரம் ஆவி காட்டி, ஒரு நாள் ஆறவிட்டு மறுபடியும் ஆவி காட்டினேன். முதல் சூட்டுக்குத் தப்பிய வித்துகள் (ஸ்போர்கள்) இடையில் முளைக்க எத்தனிக்கும், இரண்டாவது சூட்டில் போகும். புதுச் செடிப் பக்கம் இந்த மணல் மட்டும். பழைய செடிப் பக்கம் மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு மாமாவின் விளைமண், பாக்கெட் போடாத வரிசையிலிருந்து எடுத்தது. வேர்த்துண்டோடு சேர்ந்த மேல்மண்ணாக எடுக்க வேண்டும். வேர்த்துண்டுக்குள் இருக்கும் பூஞ்சைதான் ஸ்போரைவிட விரைவாகக் கிளம்பும். இரண்டாவதாக ஒரு டப்பாவில் அதே விளைமண்ணையும் ஆவி காட்டிப் போட்டேன். இது ஒப்பீட்டுக்கு. இது இல்லாமல் செய்த சோதனையை நான் நம்ப மாட்டேன், யார் செய்தாலும்.

பழைய செடியாக உள்ளியும் சோளமும் நட்டேன். இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக அப்படியே விட வேண்டும். அவசரப்பட்டால் மறுபக்கம் இழை வந்திருக்காது.

அந்தக் காலம் முழுக்கச் செடிக்குச் சோறு என்ன? பாஸ்பரஸ் இல்லாத எதுவும் சரி, பாஸ்பரஸ் உள்ள எதுவும் கூடாது. கால்சியம் நைட்ரேட், எப்சம் உப்பு, சல்பேட் ஆப் பொட்டாஷ் மூன்றையும் மிகத் தண்ணீராகக் கரைத்து வாரம் ஒருமுறை. கெட்டியான கரைசலாக வைத்துக்கொள்வதானால் கால்சியம் நைட்ரேட்டைத் தனிக் குப்பியில் வைக்க வேண்டும். மற்ற இரண்டிலும் இருக்கும் சல்பேட்டோடு கலந்தால் ஜிப்சம் வெள்ளையாக அடியில் படிந்துவிடும். 19:19:19 போன்ற, பாஸ்பரஸும் சேர்ந்த கலவை உரம் போட்டால் சோதனை அங்கேயே முடிந்தது.

ஏன் இவ்வளவு பத்தியம் என்றால், வேர் பூஞ்சையைக் கூப்பிடுவதே பாஸ்பரஸ் பற்றாக்குறையில்தான். அப்போது வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற வேதிப்பொருளைக் கூடுதலாகக் கசியவிடுகிறது. இந்தப் பொருளின் வரலாறு வேடிக்கையானது. 1966-இல் பருத்தி வேரின் கசிவிலிருந்து இதன் முதல் உறுப்பினரைப் பிரித்தபோது, சுடுமல்லி விதையை முளைக்கவைக்கும் பொருளாகத்தான் தெரிந்தது. சோளத்தின் வேரை உறிஞ்சிச் செடியைச் சாகடிக்கும் ஒட்டுண்ணிக் களை சுடுமல்லி. தன் எதிரியை எழுப்பிவிடும் ஒன்றைச் செடி எதற்காகத் தயாரிக்க வேண்டும்? கிட்டத்தட்ட நாற்பது வருஷம் இதற்கு விடை இல்லை. 2005-இல் ஜப்பானில் அகியாமா குழுவினர் அதே வகைப் பொருள் வேர்ப்பூஞ்சை இழையைச் சரமாரியாகக் கிளைக்க வைக்கிறது என்று காட்டினார்கள். செடி கூப்பிட்டது பூஞ்சையை. சுடுமல்லி ஒட்டுக்கேட்டுக்கொண்டு வந்திருக்கிறது. 2008-இல் இன்னொரு செய்தியும் சேர்ந்தது. செடிக்குள் கிளைப்பதைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனும் இதுவே.

வலைக்கு மறுபக்கம் நடவேண்டிய உள்ளியை முதலில் தனியாக, ஆவி காட்டிய ஈர மணலில் வேர்விட வைத்தேன். நடுமுன் உள்ளியின் அடித்தட்டில் காய்ந்து கிடக்கும் பழைய வேரைப் பிளேடால் சீவிவிட வேண்டும். அதில் ஒட்டிக்கொண்டு வரும் பூஞ்சை கணக்கைக் கெடுக்கும். விரல் நீளத்துக்கு வெள்ளை வேர் வந்ததும் எடுத்து, வேர்களை வலையோடு ஒட்டினாற்போலப் படுக்கவைத்து மணலால் மூடினேன். அன்றுதான் சந்திப்பின் முதல் நாள். பக்கத்திலேயே கொஞ்சம் கடுகும் தூவினேன், தாளிக்கிற கடுகுதான். கடுகு, முள்ளங்கிக் குடும்பம் இந்தப் பூஞ்சையோடு சேராத சொற்பக் கூட்டத்தில் ஒன்று. தரைச் செடிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சேர்ந்துகொள்ளும்போது இது மட்டும் ஒதுங்கி நிற்கிறது. அதே மணல், அதே வலை, அதே இழை, ஆனால் வேர் வேறு, நல்ல ஒப்பீடு.

பிறகு ஓரிரு நாள் விட்டு ஒவ்வொரு உள்ளியாக எடுத்தேன். பிடுங்கக்கூடாது. டப்பாவைத் தண்ணீரில் முக்கி, மணலைக் கரையவிட்டு, வேரைத் தானாகக் கழன்று வரவிட வேண்டும். பிடுங்கினால் வெளியே ஒட்டியிருக்கும் இழை எல்லாம் அறுந்து போகும். நாம் பார்க்க வந்ததே அதைத்தான்.

வெளுப்பதற்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (பொட்டாஷ் காரம்), 100 மில்லி தண்ணீருக்கு 10 கிராம். திரவ சோப்பு செய்வோருக்குச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். தண்ணீரில்தான் வில்லையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், வில்லைமேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. கரையும்போதே நன்றாகச் சுடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். இது கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. அலுமினியப் பாத்திரத்தில் வைக்கவே கூடாது, அரித்து ஹைட்ரஜன் கிளம்பும். வேர்த்துண்டுகளைக் கண்ணாடிக் குப்பியில் கரைசலோடு போட்டு, குப்பியைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைத்தேன். உள்ளி வேருக்குப் பத்து நிமிஷமே அதிகம், இளம் வேர் அதற்குள்ளேயே கரைந்து நூலாகிவிடும். அடுப்பே வேண்டாம் என்பவர்கள் அதே கரைசலில் அறைச்சூட்டில் ஒரு நாள் ஊறவைக்கலாம். இளம் வேருக்கு அதுதான் பத்திரம். கடைசியில் நான் உள்ளி வேர் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்தேன். புறத்தோல் உரியாமல் இருந்தால்தானே அதன்மேல் ஒட்டியதைப் பார்க்க முடியும்!

அடுத்தது சாயம். 1970-இல் பிலிப்ஸும் ஹேமனும் எழுதிய முறையில் டிரிப்பான் புளூ சாயமும் ஃபீனாலும் வரும். பல கல்லூரிகளில் இன்றும் அதுதான். ஒன்று புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள சாயம், மற்றது தோலைப் பொசுக்கும் நஞ்சு. வீட்டில் தொடவேண்டிய பொருள்கள் இல்லை. 1998-இல் ஃபியர்ஹைலிக் குழுவினர் பேனா மையும் வினிகரும் போதும் என்று காட்டினார்கள். 5 பங்கு மை, 95 பங்கு வினிகர், மூன்று நிமிஷம் கொதி. பிறகு சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் இருபது நிமிஷம் அலசல். செடியின் செல் நிறமற்றுப் போகும், பூஞ்சைச் சுவரில் மட்டும் மை நிற்கும். அவர்கள் பயன்படுத்திய மைகளில் ஷீஃபர் கறுப்பு ஒன்று.

உள்ளூர்க் கடை மைகளில் எல்லாம் ஒரேபோல வருவதில்லை. ஓவியம் வரையும் இந்தியன் இங்க் ஆகாது. அதில் இருப்பது கரித்துகள், அது வேருக்குள் இறங்காது. கழுவினால் போகும் நீல மையும் ஆகாது. காரம் பட்டதும் அந்த நீலம் மறைந்துவிடும். வேரில் காரம் மிச்சமிருந்தால் சாயமேற்றியபின்னும் வெளிறிப்போகும். கடையில் வாங்கிய மையில் ஒரு சொட்டை, நீர்த்த பொட்டாஷ் காரத்தில் விட்டுப் பாருங்கள். நிறம் தங்கினால் எடுத்துக்கொள்ளலாம். சாதாரண மைப்பேனாவுக்கு ஊற்றும் கறுப்பு மை ஒன்று எனக்கு நன்றாக வேலை செய்தது. வெளுத்த வேரை மையில் போடுமுன் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, பிறகு வெறும் வினிகரில் ஐந்து நிமிஷம் போட்டுவைப்பது என் வழக்கம். பொட்டாஷ் வாடை முழுக்கப் போகட்டும்.

சாயமேறிய வேரை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, கண்ணாடி வில்லையில் கிளிசரின் சொட்டில் வரிசையாகப் படுக்கவைத்து, மேலே மூடுவில்லையை வைத்து மெல்ல அழுத்தினால் வேர் பட்டையாகும். 10 மடங்கு லென்ஸில் தேட வேண்டும், 40-இல் உறுதி செய்ய வேண்டும்.

முதலில் எடுத்த உள்ளிகளில் வேருக்கு வெளியே மட்டும் சமாச்சாரம். வலைப் பக்கமாக இருந்த வேர்மேல் நீலக்கறுப்பாக இழைகள் ஓடின. குறுக்குச்சுவர் இல்லாத, தடிமன் ஒரே சீராக இல்லாத, முண்டும் முடிச்சுமான இழை. பார்த்ததும் இது அதுதான் என்று சொல்ல இந்தக் குறுக்குச்சுவர் இல்லாமையே முதல் அடையாளம். சில இடங்களில் இழை வேரை நெருங்கும் கடைசிப் பகுதியில் திடீரென்று பல கிளையாகப் பிரிந்திருந்தது. 2005-இல் ஜப்பானியர் சொன்ன கிளைப்பு இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வேரை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

அடுத்து எடுத்ததில் தேடியது கிடைத்தது. ஹைஃபோபோடியம். இழையின் நுனி வேரின் புறத்தோல்மேல் படிந்து தட்டையாக விரிந்திருக்கிறது, சுவரில் பல்லி வைத்த பாதம்போல. மற்ற இழையைவிடக் கறுப்பாகச் சாயம் ஏற்றிருந்தது. மைக்ராஸ்கோப்பின் நுண்திருகை மிக மெல்லத் திருப்பினால் பாதம் ஒரு தளத்திலும், அதன் அடியிலிருந்து கிளம்பும் ஒல்லியான இழை அதற்குக் கீழ்த் தளத்திலும் தெரியும். அந்த ஒல்லி இழை புறத்தோல் செல் ஒன்றைக் குறுக்கே கடந்து உள்ளே போகிறது. எல்லாப் பாதத்துக்கும் கீழே அப்படி இழை இல்லை. பல பாதங்கள் ஒட்டிக்கொண்டு சும்மா நின்றன.

அப்படிச் சும்மா நிற்பதற்கு அர்த்தம் உண்டு. பாதம் ஒட்டியபின் பூஞ்சை முட்டி மோதி உள்ளே போவதில்லை. செடி வழி போட்டுத் தரும்வரை காத்திருக்கிறது. பூஞ்சை கசியவிடும் சிறிய கைட்டின் (பூஞ்சைச் சுவரின் பொருள்) துண்டுகளை வேர் உணர்ந்ததும், செல்லின் உட்கருவுக்குள் கால்சியத்தின் அளவு துடித்துத் துடித்து ஏறி இறங்கும். பயறு வகைகளின் வேரில் முடிச்சுப் போடும் பாக்டீரியாவான ரைசோபியம் வந்து கதவு தட்டும்போது நடப்பதும் இதே துடிப்பு. பூஞ்சைக்காக இருந்த பழைய வழியைப் பிற்பாடு வந்த ரைசோபியம் பயன்படுத்திக்கொண்டது. பழசு என்றால் எவ்வளவு பழசு? ஸ்காட்லாந்தின் ரைனி கல்லில் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய செடியின் செல்களில் ஆர்பஸ்கியூல் அப்படியே கல்லாகக் கிடக்கிறது. அந்தச் செடிக்கு உருப்படியான வேர்கூடக் கிடையாது. 2005-இல் இத்தாலியின் தூரின் நகரில் ஜென்ரேயும் பொன்ஃபான்டேயும் உயிருள்ள வேரில் படமெடுத்தார்கள். பாதம் ஒட்டிய சில மணிநேரத்தில், உட்கரு பாதத்துக்கு நேர்கீழே வந்து, அங்கிருந்து செல்லின் எதிர்ச்சுவர்வரை நகர்ந்து, பின்னால் சைட்டோபிளாசத்தில் ஒரு பாதையை அமைத்துக்கொண்டே போகிறது. அதற்குப் பிறகுதான் இழை நுழைகிறது, அந்தப் பாதை வழியாகவே. மையும் வினிகரும் செத்த செல்லைத்தான் காட்டும், இந்தப் பாதை நமக்குத் தெரியாது. ஆனால் இழை செல்லைக் கடந்திருந்த கோடு அவ்வளவு நேராக இருந்ததற்குக் காரணம் தெரிந்தபின் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் வேகம்தான். வார இறுதியை ஒட்டி எடுத்த உள்ளியில் புறணிச் செல்களுக்கு இடையில் வேரின் நீளப்போக்கிலேயே இழைகள் ஓடியிருந்தன. உட்புறணியில், அகத்தோலுக்கு வெளியே உள்ள வரிசையில், செல்லுக்குள் ஆர்பஸ்கியூல்கள் தொடங்கியிருந்தன. முதலில் ஒரு தண்டு, பிறகு இரண்டாகப் பிரிவு, மறுபடி பிரிவு. புத்தகப் படத்தின் குழந்தைப் பருவம் இதுதான். முழுசாக வளர்ந்ததில் கிளைகள் அவ்வளவு நுணுக்கம், 40-இல் வெறும் மங்கலான கறைபோலத்தான் தெரியும். அப்போதும் செடிச்செல்லின் சவ்வு கிழிவதில்லை, ஒவ்வொரு கிளையையும் போர்த்திக்கொண்டே வளர்கிறது. அந்தச் சவ்வின் வழியாகத்தான் பாஸ்பேட் இந்தப் பக்கமும், சர்க்கரையும் கொழுப்பும் அந்தப் பக்கமும் போகின்றன. கொழுப்பு அமிலத்தைத் தானே தொடக்கத்திலிருந்து உண்டாக்க இந்தப் பூஞ்சையால் ஆகாது, செடிதான் தருகிறது என்பது 2017-இல் உறுதியான விஷயம். ஆர்பஸ்கியூலுக்கு ஆயுசும் சில நாள்தான். சுருங்கி மறைந்ததும் அதே செல் அடுத்ததற்குத் தயார்.

கடுகு வேரில் இழை மேலே ஓடியிருந்தது, இரண்டொரு இடத்தில் ஒட்டியும் இருந்தது. உள்ளே ஒரு ஆர்பஸ்கியூல்கூட இல்லை. ஆவி காட்டிய விளைமண் டப்பாவில் உள்ளி வேர் வெறுமையாக இருந்தது.

புதிதாகப் பார்ப்பவர்களை ஏமாற்றும் சில சங்கதிகள். பழுப்பு நிறத்தில், குறுக்குச்சுவரோடு, மையே ஏறாமல் தெரியும் இழை வேறு பூஞ்சை. நம் மண்ணில் நிறையவே உண்டு. வேர்த்தூவியும் மை குடித்தால் இழை மாதிரி இருக்கும், ஆனால் அது புறத்தோல் செல்லின் நீட்சி, அடியில் பாதம் இருக்காது. வாழை வேரில் நூற்புழு சுருண்டு கிடந்தால் அதுவும் நீலமாகத் தெரியும். முட்டைவடிவப் பை, உள்ளே பளபளவென்று எண்ணெய்ச் சொட்டு: அது வெசிக்கிள், பூஞ்சையின் சேமிப்பு. வெசிக்கிள் பிற்பாடு வருவது. முதல் வாரத்து வேரில் அதைப் பார்த்தால் வேர் எங்கிருந்தோ பழசாக வந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்கெடுக்க ஜியோவானெட்டியும் மோஸும் 1980-இல் எழுதிய கட்டக்கோட்டு முறை எளிது. பெட்ரித் தட்டின் அடியில் கட்டம் வரைந்து, வேர் ஒவ்வொரு கோட்டை வெட்டும் இடத்திலும் பூஞ்சை உண்டா இல்லையா என்று எண்ண வேண்டும். மாமாவுக்குப் பதில் சொல்ல இதைத்தான் செய்தேன்.

மரச்சீனியின் வெளுப்பு வேறு. இரவு முழுக்கப் பொட்டாஷ் கரைசலில் ஊறவைத்து, மறுநாள் சூடு காட்டி, அப்படியும் பழுப்பு போகாததால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் கொஞ்ச நேரம் போட்டபிறகே உள்ளே தெரிந்தது. மூட்டுக்கருகில் உள்ள தடித்த வேரை எடுக்கக்கூடாது, அது கிழங்காகப் போகிற வேர். ஒரு முழம் தள்ளி மண்ணைக் கிளறிக் கிடைக்கும் தலைமயிர் மொத்தத்து வேர்தான் வேண்டும். மரச்சீனிக்குப் பொடிவேர் குறைவு, வேர்த்தூவியும் குட்டை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் இருப்பது தீர்ந்தால் அடுத்தது தானாக நகர்ந்து வராது. சென்டிமீட்டர் கணக்கில் நீளும் இழைதான் போய் எடுத்துவர வேண்டும். திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய காலத்திலிருந்து இந்தக் கிழங்கு நம் மேட்டுநிலத்தில் உரமில்லாமலும் விளைந்ததில் பூஞ்சைக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

மாமா விளையில் பாக்கெட் போட்ட வரிசை, போடாத வரிசை இரண்டிலும் வேரில் பூஞ்சை தாராளமாக இருந்தது. கணக்கில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தெரிந்தது வேறு இடத்தில். வாழைக்குப் பாக்டம்பாஸ் என்ற பாஸ்பேட் கலந்த உரத்தை அள்ளிப்போடும் பாத்தியை ஒட்டிய மரச்சீனியில் வேர் பெரும்பாலும் வெறுமை, இழை வெளியே ஓடியும் உள்ளே நுழைந்தது சொற்பம். பாஸ்பேட் வயிறு நிரம்பிய செடி கூப்பிடுவதைக் குறைத்துக்கொள்கிறது. நெல்லில் இந்தக் கட்டுப்பாட்டின் சாவியை 2021-இல் கண்டுபிடித்தார்கள். பாஸ்பேட் பசியை உணரும் அதே புரதங்கள்தான் பூஞ்சைக்கு வாசல் திறக்கும் ஜீன்களையும் இயக்குகின்றன.

“அப்போ ஒரமே போட வேண்டாம்னு சொல்லுதியா?” என்று மாமா கேட்டார்.

“அப்படிச் சொல்லல மாமா. பாக்கெட்டும் வாங்கி, பாக்டம்பாஸும் பக்கத்துலயே போட்டா, ஒண்ணுக்குக் குடுத்த காசு வீண்.”

“அந்தக் காச நான் ஏற்கனவே குடுத்தாச்சே டே.”

என் கருத்து இவ்வளவுதான். பாக்கெட் மோசம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. மையில் சாயமேறிய இழை பாக்கெட்டில் வந்ததா, விளையில் முன்பே இருந்ததா என்று மைக்ராஸ்கோப் சொல்லாது, அதற்கு டி.என்.ஏ. சோதனை வேண்டும். ஆனால் பாக்கெட் வாங்குமுன் நம் வேரில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு மைக்குப்பியும் ஒரு வினிகர் குப்பியும் போதும். ஆவி காட்டிய கலவையிலோ வெறும் தென்னை நார்க்கழிவிலோ நாற்று வளர்ப்பவர்களுக்குப் பூஞ்சையை வெளியிலிருந்து கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. அங்கே அது இல்லவே இல்லை. வருஷக்கணக்காக மரச்சீனி நிற்கும் விளையில் முதலில் வேரைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் முறை. மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி நிற்கும் நாஞ்சில் நாட்டு வயலில் வேரைப் பார்த்தால் பூஞ்சை குறைவாகத்தான் இருக்கும். காற்றில்லாத சேறு இதற்கு ஒத்துவராது. அதை வைத்து மேட்டுநிலத்துக்குக் கணக்குப் போடக்கூடாது.

வில்லைகளைக் கிளிசரினோடு ஓரத்தில் நகப்பாலிஷ் பூசி மூடிவைத்திருக்கிறேன். மை மெல்ல மங்கும், ஆகவே நல்ல பாதம் ஒன்று கண்ணில் பட்டதும் செல்போனை ஐபீஸில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். ஐஸ்கிரீம் டப்பாவின் பழைய செடிப் பக்கத்தைக் கலைக்கவில்லை. தண்ணீர் மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் அதே வலையை ஒட்டி அடுத்த பயிரை வைக்கலாம். இப்போது மறுபக்கம் ரப்பர் தோட்டத்தில் மூடுபயிராகப் போடும் பியூரேரியா விதை முளைத்திருக்கிறது. பயறுக் குடும்பம் என்பதால் ஒரே வேரில் ரைசோபியம் முடிச்சும் பூஞ்சைப் பாதமும் எந்த வரிசையில் வருகின்றன என்று பார்க்க வேண்டும். அதற்கு விளைமண்ணைக் கரைத்து வடித்த தண்ணீரைத் தனியாக ஊற்றுகிறேன். வடிக்க அதே ஸ்கிரீன் துணி ஆகாது, ஸ்போரில் சிறியவை அதன் வழியே இறங்கிவிடும். மிக நெருக்கமான வடிதாள் வேண்டும்; பாக்டீரியா மட்டும் கீழே வரட்டும்.